தோல் எப்படி மூப்படைகிறது? கூரையையும் வலையையும் வைத்து ஒரு விளக்கம்

திருகோணமலைக் கடைத்தெருவில் அழகுசாதனப் பொருள் விற்கும் சிறிய கடையொன்றில் சில மாதங்களுக்கு முன் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, "தம்பி, முகம் கிழடு தட்டிப் போச்சு, இளமையாக்கிற கிறீம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். "வெள்ளையாகிறதுக்கோ அன்ரி, சுருக்கம் போறதுக்கோ?" என்று கடைக்காரப் பையன் திருப்பிக் கேட்டான். "ரெண்டும் ஒண்டுதானே" என்றார் அம்மா. பையன் மறுக்கவில்லை, தயாரித்தவரின் பெயரோ உள்ளடக்கமோ அச்சிடப்படாத ஒரு சிறு டப்பாவை எடுத்து நீட்டினான்.

இரண்டும் ஒன்றுதான் என்ற அந்த எண்ணம் அந்த அம்மாவுக்கு மட்டும் உரியதன்று. "முகம் பழுதாப் போச்சு" என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது, தோல் கறுப்பது, காய்வது, தளர்வது ஆகிய மூன்று மாற்றங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். உண்மையில் இவை தோலின் வெவ்வேறு ஆழங்களில், வெவ்வேறு காரணங்களால் நிகழ்கின்றன. எது எங்கே நிகழ்கிறது என்று தெரியாமல் பணம் செலவழிப்பவர், கறுத்ததை வெளுக்கப் போய்த் தளராமல் இருந்ததையும் தளரச் செய்துவிடக்கூடும்.

கூரையும் வலையும்

கடற்கரையில் கிடுகால் வேய்ந்த ஒரு மீன்வாடியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கூரை, அதன் கீழே கட்டி விரித்த வலை. தோலின் அமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான்.

கூரைக்கு ஒப்பானது மேற்றோல். உடலின் பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் மட்டுமே. அதன் அடி வரிசையில் புதிய கலங்கள் பிறக்கின்றன; அவை மெல்ல மேலே தள்ளப்பட்டு, வழியிலேயே இறந்து, தட்டையான செதில்களாகி, நாம் குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் நமக்குத் தெரியாமலே உதிர்ந்துவிடுகின்றன. இளம் வயதில் இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். வயது ஏற ஏற அது மந்தமாகிறது. கிடுகு மேலிருந்து வேயப்படுகிறது, மேற்றோல் கீழிருந்து வேயப்படுகிறது என்பதே வேறுபாடு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற பொருளும் இந்தக் கூரையின் அடி வரிசையில்தான் உருவாகிறது. ஆகவே, கறுப்பதும் காய்வதும் பெரும்பாலும் கூரையில் நிகழும் மாற்றங்கள்.

வலைக்கு ஒப்பானது அதன் கீழுள்ள உட்டோல். இடத்துக்கு இடம் மாறுபட்டாலும், மேற்றோலைவிட இது பல மடங்கு தடித்தது. இதன் கயிறு கொலாஜன் என்ற புரதம். நீரை நீக்கிப் பார்த்தால் உட்டோலின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொலாஜன்தான். அதோடு சிறிதளவு எலாஸ்ரின் என்ற இன்னொரு புரதமும் பின்னிக் கிடக்கிறது. இது இறப்பர்ப் பட்டிபோல இழுபட்டு மீண்டும் சுருங்கும். கன்னத்தைக் கிள்ளி விட்டதும் தோல் பழைய இடத்துக்குத் திரும்புவது இதனால்தான். இழைகளுக்கு இடையில், நீரைப் பிடித்து வைத்திருக்கும் கூழ்போன்ற பொருள் நிறைந்திருக்கிறது. புறங்கையில் தோலைக் கிள்ளி விட்டால், சிறு பிள்ளைக்கு அது கண் இமைப்பதற்குள் படிந்துவிடும். அம்மம்மாவுக்கோ சிறிது நேரம் கூடாரம்போல் நின்றுவிட்டுத்தான் படியும்.

இதுவரை சொன்னது இவ்வளவே: நிறமும் ஈரப்பதமும் பெரும்பாலும் கூரையின் விடயம், சுருக்கமும் தளர்ச்சியும் வலையின் விடயம். கடையில் வாங்கும் பூச்சுகளில் பெரும்பாலானவை கூரையைத் தாண்டுவதேயில்லை.

வலையை முடைவது யார், அறுப்பது யார்?

வலை ஒருமுறை முடைந்து போட்டுவிட்டால் அப்படியே கிடக்கும் பொருளன்று. உட்டோலில் ஆங்காங்கே குடியிருக்கும் நாரரும்பர்க் கலங்கள் புதிய கொலாஜன் இழைகளைச் செய்துகொண்டே இருக்கின்றன. இவற்றை வலைமுடைபவர்கள் எனலாம். அதேவேளை, பழுதுபட்ட இழைகளை வெட்டி அகற்றவென்று சில நொதியங்களும் தோலில் உண்டு. நொதியம் என்பது உடலில் ஒரு குறித்த வேதிவேலையை விரைவுபடுத்தும் புரதம். இங்கே அதன் வேலை வெட்டுவது. இளம் தோலில் முடைவதும் வெட்டுவதும் ஏறக்குறையச் சமமாக நடக்கின்றன.

இருபதுகளைத் தாண்டியபின் முடையும் வேகம் சிறிது சிறிதாகக் குறைகிறது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் கொலாஜன் குறைகிறது என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்களுக்கு மாதவிடாய் முற்றாக நின்றபின் இந்த இழப்பு திடீரென வேகமெடுக்கிறது. ஈஸ்திரஜன் ஓமோன் குறைவதால், முதல் ஐந்து ஆண்டுகளிலேயே தோல் கொலாஜனில் முப்பது சதவீதம் வரை இழக்கப்படலாம். "ரெண்டு மூண்டு வருஷத்துக்குள்ள நான் கிழவியாப் போனன்" என்று ஐம்பதுகளில் உள்ள பெண்கள் சொல்வது வீண் கவலையன்று; அவர்கள் கண்ணாடியில் காண்பது உண்மையான மாற்றம்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு; இந்த விடயம் முழுவதிலும் என்னை அதிகம் வியக்க வைத்தது இதுதான். கரையில் வலை முடைபவரைக் கவனித்திருப்பீர்கள். அவர் வலையின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டியோ கம்பத்தில் கட்டியோ விறைப்பாக இழுத்து வைத்துக்கொண்டுதான் ஊசியை ஓட்டுவார். தொய்ந்து கிடக்கும் வலையை முடைய முடியாது. நாரரும்பர்க் கலங்களும் அவ்வாறே. அவை சுற்றியுள்ள இழைகளைப் பற்றி, இழுவிசையோடு நீண்டு நிற்கும்போதுதான் சுறுசுறுப்பாகக் கொலாஜன் செய்கின்றன. இழைகள் துண்டு துண்டானதும் பற்றுவதற்குப் பிடி இல்லாமல் சுருண்டு, வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. அதுமட்டுமன்றி, வெட்டும் நொதியங்களைக் கூடுதலாகவும் சுரக்கின்றன. அறுந்த வலை மேலும் அறுவதற்குத் தானே காரணமாகிவிடுகிறது.

வெயில் செய்யும் வேலை

வயதால் மட்டும் வரும் மூப்பு மெதுவானது. அது தோலை மெலிதாக்கி, மென்மையான சிறு சுருக்கங்களைத் தருமே தவிர, தடித்த வரிகளையோ திட்டுத்திட்டான நிறத்தையோ தருவதில்லை. இதை நம்பாதவர்கள் தங்கள் மேற்கையின் உட்புறத்தையும் முன்கையின் வெளிப்புறத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் வயது ஒன்றுதான். ஆனால் ஒன்று பத்துப் பதினைந்து ஆண்டு இளமையாகத் தெரியும்.

வேறுபாட்டுக்குக் காரணம் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர். அதாவது, கண்ணுக்குத் தெரியாத, ஊதா நிறத்தையும்விடக் குறைந்த அலைநீளம் கொண்ட ஒளி. நம் வரை வந்து சேரும் புறஊதாக் கதிரில் இரண்டு வகை உண்டு. பி வகை பெரும்பாலும் கூரையிலேயே தங்கி, தோலை எரித்துச் சிவக்க வைக்கிறது. ஏ வகை வலை வரை இறங்குகிறது. நிலத்தை அடையும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதம் இந்த ஏ வகைதான். அது காலையிலும் மாலையிலும் இருக்கும், மெல்லிய முகிலையும் சாதாரணக் கண்ணாடியையும் ஊடுருவும், எரிச்சல் தராது. எரியாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் உட்டோலில் வெட்டும் நொதியங்கள் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே பெருகி, முடையும் வேலை தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது. அறுவதும் கூடுகிறது, முடைவதும் நிற்கிறது.

நமது அயலில் கரைவலை இழுத்து முதுமை கண்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பிடரியை அருகில் நின்று பார்த்தால், கோடையில் வற்றிய குளத்தின் அடிச்சேறு வெடித்ததுபோல, சாய்சதுரம் சாய்சதுரமாக ஆழமான வரிகள் ஓடுவதைக் காணலாம். உலகெங்கும் மீனவர்களிடமும் கமக்காரர்களிடமும் காணப்படும் இந்தப் பிடரி வரிகளுக்குத் தோல் மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு. சிதைந்த எலாஸ்ரின் இழைகள் அகற்றப்படாமல் உருண்டு திரண்டு குவிவதால் தோல் தடித்து இப்படியாகிறது. சாரக்கட்டுக்குக் கீழே அதே மனிதரின் தோல் பட்டுப்போல் இருக்கிறது. நைலோன் வலையை வெயிலில் போட்டுவைத்தால் இழை உக்கிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் அதைப் படங்கால் மூடாமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. தன் கழுத்தைப் பற்றி அவர் ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை.

கண்ணாடி ஏ வகைக் கதிரைத் தடுப்பதில்லை என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 28 ஆண்டுகள் பொருள் வழங்கும் லொறி ஓட்டிய, 69 வயதான ஓர் அமெரிக்கரின் படத்தை 2012 இல் ஒரு முன்னணி மருத்துவ இதழ் வெளியிட்டது. யன்னல் பக்கமாக இருந்த அவருடைய இடக் கன்னம் தடித்து, வரியோடித் தொங்கியது. வலக் கன்னமோ பல ஆண்டுகள் இளையவருடையதைப் போலிருந்தது. நம் நாட்டில் ஓட்டுநர் ஆசனம் வலப்பக்கம் இருப்பதால், கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கு நாள்தோறும் வாகனம் ஓட்டுபவர்கள் பார்க்க வேண்டியது வலக் கன்னத்தையும் வலக் கையையும்.

நமது ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் மாத இறுதியிலும், நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். புறஊதாக் கதிரின் கடுமையை அளக்கும் சுட்டெண் 3 ஐ எட்டினாலே பாதுகாப்புத் தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. 11 ஐ எட்டினால் அது மிக உச்சமான நிலை. இங்கே தெளிவான நண்பகல்களில் 11 ஐத் தாண்டுவது புதுமையன்று. உலர்ந்த கடற்கரை மணலும் விழும் கதிரில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும்; ஆதலால் குடைக்குக் கீழே நின்றாலும் கீழிருந்து கொஞ்சம் வந்து சேரும்.

சுருங்கச் சொன்னால், வயது வலையை மெல்லத் தேய்க்கிறது. வெயில் அதை அறுக்கிறது. முகத்தில் நாம் முதுமை என்று வாசிப்பவற்றில் பெரும்பகுதி இரண்டாவதன் வேலை.

கறுப்பு முதுமையன்று

மெலனின் ஒரு குடை. வெயில் பட்டதும் தோல் கறுப்பது, வலைக்குச் சேதம் வராதிருக்க உடல் விரிக்கும் பாதுகாப்பு. கறுத்த மேற்றோலினூடாக வலையை அடையும் கதிர், வெளிறிய மேற்றோலினூடாக அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவேதான், ஒரே வயதுடைய ஐரோப்பியரைவிட நமக்குச் சுருக்கம் பிந்தி வருகிறது. நிலாவெளிக் கடற்கரையில் அவர்கள் கறுப்பதற்காகப் படுத்துக் கிடக்க, அதே வீதியில் நாம் வெளுப்பதற்காக டப்பா வாங்குகிறோம். இரு தரப்பாரும் தங்கள் தோலுக்குத் தீங்கையே தேடிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நமது தோலில் மூப்பு பெரும்பாலும் முதலில் சுருக்கமாக வருவதில்லை. கன்னத்திலும் நெற்றியிலும் நிறம் திட்டுத்திட்டாக மாறுவதாகவே வருகிறது. அந்தத் திட்டுகளைப் போக்கவே பலர் வெளுக்கும் பூச்சுகளை நாடுகிறார்கள். பெயரற்ற டப்பாக்களில் அடிக்கடி இருப்பவை இரண்டு. ஒன்று பாதரசம், அது மெலனின் உருவாவதைத் தடுக்கும், ஆனால் தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கை தடைசெய்வது இதனால்தான். மற்றது ஸ்டீரொயிட், அதாவது அழற்சியை அடக்கும் மருந்து. மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்கள் மட்டும் பூசினால் அது நல்ல மருந்து. மாதக்கணக்கில் முகத்தில் பூசினாலோ நாரரும்பர்க் கலங்களின் வேலையையே அது நிறுத்திவிடுகிறது. முதல் சில வாரங்கள் முகம் வெளுத்து மினுங்கும். பிறகு தோல் காகிதம்போல் மெலிந்து, சிவந்த நுண்குருதிக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். இளமைக்கென்று வாங்கிய பொருள் வலைமுடைபவரின் கையைக் கட்டிவிட்டது. ஏற்கெனவே பூசிப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் முகம் எரிந்து பருக்கள் பொங்குவதும் உண்டு. ஆகையால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போவதே நல்லது.

காற்றும் சீனியும் புகையும்

மே மாதம் தொடங்கி வீசும் கச்சான் காற்றில் முகமும் உதடும் காய்ந்து வரிவரியாகத் தெரிவது திருகோணமலையில் எல்லோரும் அறிந்தது. இது கூரையின் வறட்சி. குளித்து ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ மெல்லப் பூசினால், நீர் ஆவியாவது குறைந்து, கலங்கள் உப்பி, அந்த வரிகள் மறைந்துவிடும். "ஒரே இரவில் சுருக்கம் போச்சு" என்ற விளம்பரங்கள் எல்லாம் இந்த உப்பலைத்தான் காட்டுகின்றன. இது தேவையான பராமரிப்புதான், ஆனால் வலையை இது தொடுவதில்லை. தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்று நம்பிக் கடலுக்குப் போகவும் வேண்டாம்.

குருதியில் சீனி நெடுங்காலம் மிகுந்திருந்தால், அது கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குகிறது. சீனிப் பாகு பட்டுக் காய்ந்த கயிறு வளையாமல் முறிவதை நினைத்துக்கொள்ளலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது அதிகம். புகைத்தல் தோலுக்குச் செல்லும் குருதியைக் குறைத்து, வெட்டும் நொதியங்களைக் கூட்டுகிறது. வெயிலுக்கு அடுத்த எதிரி அதுவே.

எது உண்மையில் உதவுகிறது?

முதலில் நிழலும் துணியும். பகல் பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையான நேரத்தில்தான் நாளின் புறஊதாக் கதிரில் பாதிக்கு மேல் இறங்குகிறது. அந்த நேரத்து வேலையை மாற்ற முடிந்தவர்கள் மாற்றலாம். முடியாதவர்களுக்கு நீளக் கைச்சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி, குடை, பிடரியை மூடும் துவாய். இவற்றுக்கு மாதாமாதம் செலவில்லை. ஆகையால் இவற்றை யாரும் விளம்பரப்படுத்துவதும் இல்லை.

அடுத்தது சன்ஸ்கிறீன், அதாவது புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள நம்பூர் என்ற ஊரில் 1992 இல் தொடங்கிய ஓர் ஆய்வில், 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலை அச்செடுத்து, நான்கரை ஆண்டுகளின்பின் மீண்டும் அச்செடுத்து ஒப்பிட்டார்கள். நாள்தோறும் பூசியவர்களிடம், நினைத்தபோது பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த ஊரவர் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதால் அதே எண்ணிக்கை நமக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பொறிமுறை என்னவோ ஒன்றுதான்.

டப்பாவில் எழுதியிருக்கும் எஸ்.பி.எப். என்ற எண் பி வகைக் கதிரைத் தடுக்கும் அளவு. 30 என்றால் முப்பதில் ஒரு பங்கே உள்ளே போகும். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. 97 சதவீதத்துக்கும் 98 சதவீதத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்காக இரட்டிப்பு விலை கொடுப்பதைவிட, போதிய அளவு பூசுவதே முக்கியம். ஆய்வுகூடத்தில் அளக்கும்போது தடவும் கனத்தில் பாதியைக்கூட நாம் தடவுவதில்லை. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வியர்க்கும் வேலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசவேண்டும். ஏ வகைக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை, பி.ஏ. (PA) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறிகள் சொல்லும். குறி கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். கறுத்த திட்டு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் திட்டைக் கூட்டும் என்பதால், இரும்பு ஒட்சைட்டு சேர்த்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிறீன் கூடுதலாக உதவும்.

வலையை உண்மையில் திரும்ப முடைய வைப்பதாக நன்கு நிறுவப்பட்ட பூச்சு ரெட்டினொயிட். இது உயிர்ச்சத்து ஏயின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து வகை. அவற்றில் ஒன்றான ட்ரெட்டினொயின் முதலில் முகப்பருவுக்கே பயன்பட்டது. 1993 இல் வெளியான ஓர் ஆய்வில், வெயிலால் கெட்ட தோலில் அதைப் பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் பூசியபோது கொலாஜன் உருவாக்கம் 80 சதவீதம் கூடியது. மருந்தில்லாத பூச்சைப் பூசியவர்களிடம் 14 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது அந்தக் காலஅளவு: வாரங்களிலன்று, மாதங்களில். தொடக்கத்தில் தோல் உரிந்து எரியும். நமது நிறத் தோலில் அந்த எரிவே கரும்புள்ளியை விட்டுச் செல்லக்கூடும் என்பதால், வாரம் இரண்டு இரவு என்று மெதுவாகத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் இதைத் தொடக்கூடாது. வைத்தியரின் சீட்டில்லாமல் பாமசியில் வாங்கத்தக்க பொருளும் இதுவன்று.

கொலாஜன் கிறீமைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொலாஜன் மூலக்கூறு மிகப் பெரியது. கூரையை ஊடுருவி வலைக்குப் போகாது. குடிக்கும் கொலாஜன் மா, நாம் உண்ணும் மீனைப்போலவே குடலில் சிறு துண்டுகளாக உடைந்துவிடுகிறது. அதனால் ஈரப்பதமும் நெகிழ்வும் சற்றுக் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் பல, அதை விற்பவர்களின் பணத்தில் நடந்தவை. அந்தக் காசுக்குச் சூடையும் சாளையும் வாங்குவேன்.

முகம் தொங்குவது முழுவதும் தோலின் குற்றமுமன்று. வயதோடு கன்னத்தின் கீழுள்ள கொழுப்புத் திண்டுகள் மெலிகின்றன, கண்குழியைச் சுற்றியும் தாடையிலும் எலும்பே தேய்கிறது. கம்பம் குறுகினால் கூடாரத் துணி தொய்வதுபோலத் தோல் தொய்கிறது. எந்தப் பூச்சும் எலும்பை வளர்க்காது. நெற்றி வரியை மறைக்கும் ஊசிமருந்து தசையின் அசைவைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கிறது. வலையோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை.

பூச ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் தாடையோடு நின்றுவிடுகிறார்கள். காது மடலும் பிடரியும் கழுத்தின் இரு பக்கங்களும் புறங்கையும் அதே வெயிலில்தான் நிற்கின்றன. மோட்டார் சைக்கிளில் உப்புவெளியிலிருந்து நகருக்கு வருபவரின் புறங்கை, தலைக்கவசத்துக்குள் இருக்கும் அவர் முகத்தைவிட அதிகமாகவே வெயில் காண்கிறது.